வெட் ஸ்கூல் நேர்காணல்: ஒப்பிக்க வேண்டாம், பார்த்ததைச் சொல்லுங்கள்

நான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவள். தொண்ணூறுகளில் பிளஸ் டூ மார்க்கையும் நுழைவுத் தேர்வு மார்க்கையும் கூட்டி கட்-ஆஃப் போட்டார்கள், கவுன்சலிங்குக்குக் கூப்பிட்டார்கள், சேர்ந்துவிட்டேன். "நீ ஏம்மா மாட்டு டாக்டர் ஆகணும்கிறே?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்யாணமாகி இங்கிலாந்து வந்து, பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஆர்.சி.வி.எஸ். அமைப்பு நடத்தும் தேர்வை எழுதி, இப்போது ஷ்ராப்ஷயரில் மாடு, ஆடு, நாய், பூனை எல்லாம் பார்க்கும் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். இங்கே கல்லூரிக்கு எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்பது என் மகள் விண்ணப்பித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. முதல் வருஷம் இரண்டு பல்கலைக்கழகங்கள் நேர்காணலுக்குக் கூப்பிட்டன, இரண்டிலும் இடம் இல்லை. அடுத்த வருஷம் கிடைத்தது. நடுவில் நாங்கள் என்ன மாற்றினோம் என்பதைத்தான் எழுதுகிறேன். பிரிட்டனில் இருக்கும் நம் பிள்ளைகளில் வெட், அதாவது கால்நடை மருத்துவம், படிக்க ஆசைப்படுபவர்கள் இப்போது கொஞ்சம் பேராவது இருக்கிறார்கள், வழி சொல்லத்தான் ஆள் குறைவு.

முதலில் கணக்கு. பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் பொது அமைப்பான யூகாஸ் வழியாக அக்டோபர் 15-க்குள் விண்ணப்பிக்க வேண்டும், மற்றப் படிப்புகளைப் போல ஜனவரி வரை அவகாசம் கிடையாது. வெட் படிப்புக்கு நான்கு இடம்தான் போடலாம், ஐந்தாவது இடத்தில் வேறு படிப்பு ஏதாவது போட்டுக்கொள்ளலாம். சில கல்லூரிகள் யூகாஸ் விண்ணப்பத்துக்கு மேல் தனியாக ஒரு கேள்விப் படிவமும் அனுப்பும். பண்ணையிலும் கிளினிக்கிலும் எத்தனை நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதை அந்தந்தக் கல்லூரியின் பக்கத்திலேயே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னதை நம்ப வேண்டாம். நேர்காணல்கள் பெரும்பாலும் நவம்பரில் தொடங்கிக் குளிர்காலம் முழுக்க நடக்கும்.

கேம்பிரிட்ஜ் தனி ரகம். அங்கே கல்லூரி ஆசிரியர்கள் எதிரில் உட்கார்ந்து உயிரியல், வேதியியலில் புதிதாக ஒரு சிக்கலைக் கொடுத்து, நீங்கள் யோசிப்பதை உங்கள் வாயாலேயே கேட்பார்கள். இசாட் (ESAT) என்ற அறிவியல் நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். ராயல் வெட்டரினரி காலேஜ், லிவர்பூல் மாதிரி இடங்களில் எம்.எம்.ஐ. (மல்டிபிள் மினி இன்டர்வியூ) முறை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் மருத்துவப் படிப்புக்காக உருவாக்கி, 2004-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த முறை இது. ஒரே குழுவின் முன் அரை மணி நேரம் உட்கார்வதற்குப் பதிலாக, ஐந்து முதல் பத்து நிமிஷம் வீதம் வரிசையாகச் சில ஸ்டேஷன்கள். ஒவ்வொன்றிலும் வேறு ஆள், வேறு கேள்வி, தனி மார்க். ஒருவருக்கு உங்களைப் பிடிக்காமல் போனாலும் மற்றவர்களின் மார்க் இருக்கிறது. இதில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ஒரு ஸ்டேஷனில் சொதப்பிவிட்டால் அதை அந்தக் கதவோடு விட்டுவிட வேண்டும். அடுத்தவருக்கு அது தெரியாது. என் மகள் முதல் வருஷம் மூன்றாவது ஸ்டேஷனில் தடுமாறி, அதையே நினைத்துக்கொண்டு நான்கையும் ஐந்தையும் கெடுத்துக்கொண்டாள்.

அது சின்னத் தவறுதான். பெரிய தவறு என்னுடையது. "உன் பண்ணை அனுபவத்தைப் பற்றிச் சொல்" என்ற கேள்விக்கு நானே ஒரு பதில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தேன். குழுவாக வேலை செய்யக் கற்றேன், தகவல் தொடர்புத் திறன் வளர்ந்தது, பொறுமை வந்தது. இதைத்தான் அவள் ஒப்பித்தாள். அதே குளிர்காலத்தில் அதே பதிலை எத்தனை பிள்ளைகள் ஒப்பித்திருப்பார்கள்!

இத்தனைக்கும் அவள் பார்த்திருந்தது எப்பேர்ப்பட்ட விஷயம். மார்ச் மாதம், ஆடுகள் குட்டி போடும் கொட்டகை, ராத்திரி இரண்டு மணி. ஒரு ஆட்டுக்குக் குட்டி செத்துப் பிறந்தது. பக்கத்துத் தடுப்பில் மூன்று குட்டி ஈன்ற ஆடு ஒன்று, பால் பற்றாது. பண்ணைக்காரர் செத்த குட்டியின் தோலை உரித்து, மூன்றில் ஒரு குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டி, குட்டியை இழந்த ஆட்டிடம் விட்டார். அது முகர்ந்து பார்த்தது, ஒரு தடவை முட்டியது, திரும்ப முகர்ந்தது, அப்புறம் மடியைக் கொடுத்துவிட்டது. மகள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, எங்கள் ஊரில் கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோல் திணித்து மாட்டுக்கு முன்னால் நிறுத்திப் பால் கறப்பார்களே, அந்தத் தோல்கன்றைப் பற்றி நான் சொன்னேன். இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினோம். இதில் ஒரு வரிகூட நேர்காணலில் அவள் வாயில் வரவில்லை. நான் வரவிடவில்லை.

இரண்டாவது வருஷம் எழுதிய பதில்களை எல்லாம் தூக்கிப் போட்டோம். அதற்குப் பதிலாக ஒரு நோட்டு. பண்ணை, கிளினிக், நாய்க் காப்பகம் எங்கே போய் வந்தாலும் அன்றைக்கு ராத்திரியே ஒரு பக்கம் எழுதுவாள். என்ன பார்த்தேன், ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று யாரிடம் கேட்டேன், என்ன சொன்னார்கள், எது எனக்கு நெருடலாக இருந்தது. அந்த 'நெருடல்' வரியைக் கட்டாயம் எழுதுங்கள், நேர்காணலில் பாதிக் கேள்விகள் அங்கேதான் வந்து நிற்கும்.

நோட்டில் இருந்து ஒரு சம்பவத்தை எடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், வாசிக்காதீர்கள். கேட்பவர் நடுவில் குறுக்கிட வேண்டும். "ஆடு ஏன் அந்தக் குட்டியை ஏற்றுக்கொண்டது?" ஈன்ற சில மணி நேரத்திலேயே தன் குட்டியை வாசனையால் அடையாளம் கண்டுகொள்கிறது, அதனால். "குட்டிக்குச் சீம்பால் உடனே கிடைக்க வேண்டும் என்று ஏன் அத்தனை அவசரம்?" ஆட்டின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புப் புரதங்கள் குட்டிக்குப் போவதில்லை. சீம்பாலில்தான் வருகின்றன, குட்டியின் குடல் அவற்றை அப்படியே உறிஞ்சுவதும் முதல் நாள் மட்டும்தான். "நான்கு கிலோ குட்டிக்கு எவ்வளவு?" கிலோவுக்கு 50 மில்லி என்று வைத்தால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 200 மில்லி. இப்படி ஒரே சம்பவத்தில் இருந்து அறிவியலும் கணக்கும் விலங்கு நலமும் கிளைக்கும். ஐம்பது அனுபவம் தேவையில்லை. இப்படித் தோண்டிப் பார்த்த ஐந்தாறு போதும்.

கணக்கு ஸ்டேஷன் என்று தனியாகவும் வைப்பதுண்டு. பயப்பட ஒன்றுமில்லை. 24 கிலோ நாய், கிலோவுக்கு 5 மில்லிகிராம் மருந்து, புட்டியில் ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம். மொத்தம் 120 மில்லிகிராம், அப்படியானால் 2.4 மில்லி. படிகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போடுங்கள். விடை வந்ததும் "இந்த அளவு நாய்க்கு இது நியாயமான அளவா?" என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். 24 மில்லி என்று வந்திருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது நடிப்பு ஸ்டேஷனில். எதிரில் ஒருவர் பூனைக்காரராக உட்கார்ந்திருப்பார். பூனை காரில் அடிபட்டிருக்கிறது, ஆபரேஷனுக்குப் பணம் இல்லை. பிள்ளைகள் உடனே தீர்வு சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். வேண்டாம். அவர் அழுதால் அழ விடுங்கள், ஐந்து விநாடி பேசாமல் இருங்கள். பூனையின் பெயரைக் கேளுங்கள். அப்புறம் பணப் பேச்சு. இன்சூரன்ஸ் இருக்கிறதா, தவணையில் கட்ட முடியுமா, பி.டி.எஸ்.ஏ., புளூ கிராஸ் மாதிரி அறக்கட்டளைகளின் உதவிக்குத் தகுதி உண்டா என்று ஒவ்வொன்றாக. கடைசியில், ஊசி போட்டு வலியில்லாமல் உயிர் போக வைப்பதும் ஒரு வழிதான் என்று மென்மையாகச் சொல்லத் தெரிய வேண்டும். உங்களிடம் மருத்துவ அறிவை யாரும் எதிர்பார்க்கவில்லை. கலங்கி நிற்கும் ஒரு மனிதரை எப்படி நடத்துகிறீர்கள் என்றுதான் பார்க்கிறார்கள். என் வேலையில் பாதி இதுதான், அதனால் இதைச் சோதிப்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

நெறிமுறைக் கேள்விகளில் சரியான விடை என்று ஒன்று இருக்காது. வீடு மாறுவதால் ஆரோக்கியமான நாயைக் கொன்றுவிடச் சொல்கிறார் உரிமையாளர், என்ன செய்வீர்கள்? இந்த நாட்டில் ஆரோக்கியமான விலங்கைக் கொல்ல வேண்டிய கட்டாயம் மருத்துவருக்கு இல்லை. ஆனால் முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினால் நாயின் கதி என்ன? உரிமையாளர், நாய், கிளினிக், சட்டம் என்று எல்லாப் பக்கத்தில் இருந்தும் பார்த்துவிட்டு, உங்கள் முடிவைச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் வேண்டுமென்றே மடக்குவார். அவர் சொல்வதில் நியாயம் இருந்தால் ஒத்துக்கொண்டு மாற்றிக்கொள்வது தப்பே இல்லை. பொதுவாகப் பேசப்படும் விஷயங்களில் மாட்டுக் காசநோய், பறவைக் காய்ச்சல், ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு, மூச்சுவிடவே திணறும் பக், பிரெஞ்சு புல்டாக் வகை நாய்கள் எல்லாம் படித்து வையுங்கள். காசநோய்க்கு மாட்டின் கழுத்தில் ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்து வீக்கத்தை அளக்கும் சோதனையை நான் வாராவாரம் செய்கிறேன். ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். தன் மாடு அறுப்புக்குப் போகிறது என்று தெரிந்ததும் பண்ணைக்காரர் முகம் எப்படி மாறுகிறது என்பது எந்தக் கட்டுரையிலும் இருக்காது.

சைவ வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இறைச்சிக்கூடம் பற்றி, உணவுக்காக விலங்கு வளர்ப்பது பற்றிக் கேட்பார்கள். பொய் சொல்ல வேண்டியதில்லை. என் மகளும் சைவம்தான். "நான் சாப்பிடுவதில்லை. ஆனால் அந்த விலங்கு வாழும்போதும் சாகும்போதும் துன்பப்படக் கூடாது, அதைப் பார்த்துக்கொள்ளத்தான் அங்கே கால்நடை மருத்துவர் இருக்கிறார்" என்று இரண்டாவது வருஷம் சொன்னாள். அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். படிப்பில் இறைச்சிக்கூடம் போயே ஆக வேண்டும், அதற்கு மனது தயாராக இல்லை என்றால் இப்போதே யோசியுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை நடத்துங்கள், ஆனால் நீங்கள் மட்டும் கேள்வி கேட்டால் போதாது. பிள்ளைக்குப் பழக்கமில்லாத ஒருவரையும் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் பூனைக்காரராக நடித்தார், என் மகள் நிஜமாகவே கலங்கிவிட்டாள். அப்புறம், "ஏன் மனித டாக்டர் ஆகக் கூடாது?" என்ற கேள்வி நேர்காணலில் வரும் முன் நம் சொந்தக்காரர்களிடம் இருந்து நூறு தடவை வந்திருக்கும். அவர்களுக்குச் சொல்லும் பதிலையே கொஞ்சம் நிதானமாகச் சொன்னால் போதும்.

இடம் கிடைக்காவிட்டால் எதில் குறைந்தது என்று எழுதிக் கேளுங்கள், சில கல்லூரிகள் சொல்லும். பதில் வரும் சமயத்தில் ஆடுகள் குட்டி போடும் காலமும் நெருங்கிவிடும். மார்ச்சில் எல்லாப் பண்ணைக்கும் ராத்திரி வேலைக்கு ஆள் தேவைப்படும். பிப்ரவரியிலேயே போன் செய்து கேளுங்கள், கனமான கோட்டும் தண்ணீர் புகாத பூட்ஸும் நீங்களே கொண்டு போக வேண்டும்.