மூடிய கடையின் டாக்கோவை வீட்டில் மீட்டெடுப்பது எப்படி

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வடக்கு ஹாலிவுட் பகுதியில் 1961 முதல் இயங்கிய ‘ஹென்றிஸ் டாக்கோஸ்’ என்ற சிறு கடை 2013 ஜனவரியில் மூடப்பட்டது. டாக்கோ என்பது மெல்லிய ரொட்டிக்குள் பூரணம் வைத்து மடித்த மெக்சிகோ உணவு. அங்கே வேலை பார்த்த ஒருவர் பின்னர் அருகிலேயே அதை மீண்டும் திறந்ததால் அந்தச் சுவை பிழைத்துக்கொண்டது. எல்லாக் கடைகளுக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை. பல மெக்சிகோ அமெரிக்கக் குடும்பக் கடைகளின் பக்குவம் எந்தத் தாளிலும் எழுதப்படாமல், பாட்டியின் கையளவில் மட்டுமே இருந்திருக்கிறது. அந்தக் கையளவைக் கிராமாக மாற்றுவதில்தான் இந்தச் செய்முறை தொடங்குகிறது.

நாம் செய்யப்போவது ‘டாக்கோ டொராடோ’, அதாவது மக்காச்சோள மாவில் சுட்ட மெல்லிய ரொட்டியான டோர்ட்டியாவுக்குள் பூரணத்தை வைத்து மடித்துப் பொன்னிறமாகப் பொரித்தெடுப்பது. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் லூசியா ரோட்ரிகஸ் 1937-இல் தொடங்கிய ‘மிட்லா கஃபே’ இவ்வகை டாக்கோவுக்குப் பெயர் பெற்றது. எதிர்ப்புறம் கடை வைத்திருந்த கிளென் பெல் அங்கே கற்றுக்கொண்டதை வைத்துத்தான் 1962-இல் ‘டாக்கோ பெல்’ நிறுவனத்தைத் தொடங்கினார். பெட்டியில் விற்கும் ஆயத்த டாக்கோ ஓடுகளை வாங்கிச் செய்தால் இந்தச் சுவை வராது என்பது என் உறுதியான கருத்து.

படி 1: கையளவை எடைபோடுதல்

பக்குவம் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் அவரையே சமைக்கச் சொல்லுங்கள். சமைப்பதற்கு முன் மாவு, சீரகம், மிளகாய்த்தூள், உப்பு ஆகியவற்றை அவற்றின் பாத்திரத்தோடு தனித்தனியே எடைபோட்டுக் குறித்துக்கொண்டு, சமைத்து முடித்தபின் மீண்டும் எடைபோட்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அவர் சேர்த்த அளவு. “எவ்வளவு போட்டீர்கள்?” என்று நடுவில் கேட்டால் அவருடைய கை தடுமாறும், ஆகவே பேசாமல் பாருங்கள். வழிகாட்ட அப்படி யாரும் இல்லாதவர்கள் கீழே உள்ள அளவுகளில் தொடங்கலாம்.

படி 2: டோர்ட்டியா

இதற்கு மாசா ஹரினா வேண்டும். சுண்ணாம்பு கலந்த நீரில் மக்காச்சோளத்தை வேகவைத்து, ஊறவைத்து, அரைத்து உலர்த்திய மாவு இது. சுண்ணாம்பு சோளத்தின் தோலைக் கழற்றி, மாவுக்குப் பிசுபிசுப்பையும் தனி மணத்தையும் தருகிறது. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண மக்காச்சோள மாவை எவ்வளவு பிசைந்தாலும் அது உதிர்ந்துபோகும் என்பதால், அதை மாற்றாகப் பயன்படுத்த வேண்டாம்.

240 கிராம் மாசா ஹரினாவில் அரைத் தேக்கரண்டி உப்பும் சுமார் 350 மில்லிலிட்டர் வெந்நீரும் சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி 20 நிமிடம் வையுங்கள். ஓர் உருண்டையை அழுத்திப் பாருங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, கையில் ஒட்டினால் தண்ணீர் அதிகம். மாவை 16 உருண்டைகளாக்கி, இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, தட்டையான கனத்த பாத்திரத்தால் அழுத்தி, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் பக்கத்துக்கு ஒரு நிமிடம் சுட்டெடுங்கள். சுட்டவற்றைத் துணியில் சுற்றி வைப்பது கட்டாயம், ஏனெனில் ஆறிய டோர்ட்டியா மடிக்கும்போது முறிந்துவிடும்.

படி 3: பூரணம்

500 கிராம் மாட்டுக் கைமாவை வாணலியில் நிறம் மாறும் வரை வதக்கி, நறுக்கிய வெங்காயம் ஒன்று, பூண்டு 3 பல், சீரகத்தூள் ஒரு தேக்கரண்டி, ஆன்ச்சோ (காரம் குறைந்த மெக்சிகோ உலர் மிளகாய்) மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி சேர்த்து வேகவிடுங்கள். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு 200 கிராம் கடைசியில் சேர வேண்டும். கறியின் அளவைப் பெருக்குவதோடு, பொரிக்கும்போது பூரணம் எண்ணெயில் சிதறாமல் பிடித்து வைப்பதும் அதுதான். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் உருளைக்கிழங்கை மட்டும் வைத்துச் செய்யலாம்; இறைச்சி தவிர்க்கும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பல மெக்சிகோ குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன.

படி 4: பொரித்தல்

இளஞ்சூடான டோர்ட்டியாவின் ஒரு பாதியில் இரண்டு மேசைக்கரண்டிப் பூரணத்தைப் பரப்பி, மடித்து, ஒரு பல்குச்சியால் குத்தி நிறுத்துங்கள். இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு எண்ணெய் ஊற்றி 180 டிகிரி செல்சியஸ் வரை காயவிடுங்கள். வெப்பமானி இல்லையென்றால் மாவுத் துணுக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்து மேலெழும்பினால் சூடு சரி. ஒரு முறைக்கு மூன்றுக்கு மேல் போட்டால் சூடு இறங்கி, டாக்கோ எண்ணெயைக் குடித்துவிடும். பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் பொரித்து, திறந்த பக்கம் கீழே வரும்படி கம்பித் தட்டில் நிறுத்தி வடியவிடுங்கள்.

படி 5: நிரப்புதல்

பல்குச்சியை எடுத்துவிட்டு, சூடாக இருக்கும்போதே துருவிய செடார் சீஸை முதலில் வையுங்கள். கறியின் சூட்டில் அது இளகும். அதன்மேல் தக்காளியும் மெல்லியதாக அரிந்த லெட்டூஸ் கீரையும் போதும்.

முதல் டாக்கோவைப் பக்குவம் அறிந்த அந்தப் பெரியவரிடமோ, கடையில் பல ஆண்டுகள் உண்டவரிடமோ கொடுங்கள். சீரகம் தூக்கலா, உப்பு குறைவா என்று அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை ஒரே ஒரு பொருளின் அளவை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சுவை மாறியது என்பது தெரியாமல் போகும்.