கோதிக் தேவாலய மரவேலை: பார்க்கப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியான கோதிக்கில் எழுந்த ஒரு பேராலயத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்போம். கூரை வளைவையும் வண்ணக் கண்ணாடியையும் படமெடுத்து முடிப்பதற்குள் பூட்டுகிற நேரம் வந்துவிடும். தச்சர்களின் குறும்போ இருக்கைக்கு அடியில் கிடக்கும்.

குருக்கள் மணிக்கணக்கில் நின்றுகொண்டே ஜெபம் சொல்ல வேண்டும். கால் கடுக்குமே என்று, கீல் வைத்த இருக்கைப் பலகையின் அடியில் சின்னதாக ஒரு விளிம்பு வைத்தார்கள். பலகையைத் தூக்கிவிட்டால், நிற்கிற தோரணையிலேயே அதில் சாய்ந்துகொள்ளலாம். பெயர் மிசரிகோர்ட், லத்தீனில் இரக்கம் என்று பொருள். விளிம்பைத் தாங்கும் கட்டையில்தான் செதுக்கல்.

கோவிலுக்குள் இருப்பதால் எல்லாம் பைபிள் கதை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் லட்லோ தேவாலயத்தில் 28 மிசரிகோர்ட்டுகள். ஒன்றில், அளவில் ஏமாற்றிய மது விற்பவளைப் பிசாசு தோளில் போட்டு நரகத்துக்குத் தூக்கிப்போகிறது. அவள் கையில் அந்தக் கள்ள அளவுக் குவளை. பக்கத்தில் இன்னொரு பிசாசு பைக்குழல் வாசிக்கிறது!

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பேராலய மிசரிகோர்ட் ஒன்றில் ஒரு யானை உண்டு. 1255-இல் பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி இங்கிலாந்து அரசருக்கு அனுப்பிய யானையை நேரில் பார்த்தே செதுக்கினார்கள் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. காலைப் பாருங்கள், மாட்டுக் குளம்பு! அங்கேயே இன்னொரு சறுக்கலும் காத்திருக்கிறது: மிசரிகோர்ட்டுகள் 13ஆம் நூற்றாண்டு, அவை பொருந்தியிருக்கும் இருக்கை வரிசையோ 1870-களில் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தது. ஒன்றாக இருப்பதால் ஒரே வயது என்று எண்ணிவிடாதீர்கள். மக்கள் உட்காரும் நடுக்கூடத்து பெஞ்சுகளும் அப்படித்தான், பெரும்பாலும் பின்னால் வந்தவை. மக்கள் வெகுகாலம் நின்றுதான் வழிபட்டார்கள்.

நிறத்திலும் ஏமாறுவோம். கறுத்த மரம்தான் கோதிக் என்பது பிற்கால வார்னிஷும் அழுக்கும் தந்த எண்ணம். போலந்தின் கிராக்கோவில் சிற்பி வைட் ஸ்டாஸ் 1477 முதல் 1489 வரை செய்த பீடச் சிற்பங்களில் பொன்னும் நீலமும் கண்ணைப் பறிக்கும். அதற்காக எல்லாவற்றுக்கும் வண்ணம் இருந்தது என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனியின் ரோத்தன்பர்க்கில் சிற்பி ரீமன்ஷ்னைடர் லிண்டன் மரத்தை வண்ணம் பூசாமலேயே விட்டார்.

பலகையை நீங்களாகத் தூக்காதீர்கள், கீல் பழசு, காவலரிடம் கேளுங்கள். கேமரா ஃபிளாஷும் வேண்டாம். நேரே அடிக்கும் வெளிச்சத்தில் செதுக்கல் தட்டையாகிவிடும். அனுமதித்தால் சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், உளி போன தடம்கூடத் தெரியும்.