பால் காய்ச்ச நாள் குறிக்கும் முன்

போன வாரம் சித்தி மகள் போன் பண்ணினாள். பாளையங்கோட்டைப் பக்கம் பழைய வீடு ஒன்றைக் கிரயம் முடித்திருக்கிறார்கள். "ஆவணியில பால் காய்ச்சிருதோம்க்கா. மாடி பாத்ரூமும் படிக் கைப்பிடியும்தான் பாக்கி. குடிபோயிப் பாத்துக்கிடலாம்னு அத்தை சொல்லுதாவ" என்றாள். அவளுக்கு மூன்று வயதிலும் பத்து மாதத்திலும் பிள்ளைகள்.

2019-இல் வீடு வாங்கியபோது நானும் இதையேதான் சொன்னேன். அப்போது என் மூத்தவனுக்கு நாலு வயது, சின்னவளுக்கு ஒன்றரை. அதனால்தான், பிள்ளைகளோடு வீடு வாங்கிக் குடிபோகிறவர்கள் செய்யும் தவறுகளை எழுதுகிறேன். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கம் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

கோடையில் மட்டும் வீடு பார்ப்பது

சித்திரை, வைகாசியில் எந்தத் தெருவும் நல்ல தெருதான். வாறுகால் (சாக்கடை) காய்ந்து கிடக்கும், பள்ளம் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் தெருமுனை டீக்கடையிலும் இஸ்திரி போடுகிறவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 2023 டிசம்பர் 17, 18-இல் தண்ணீர் எங்கே வரை நின்றது? தாமிரபரணி பெருகித் திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், ஜங்ஷன் எல்லாம் மூழ்கிய நாட்கள் அவை. யாரும் மறந்திருக்க மாட்டார்கள், சுவரில் கைவைத்தே காட்டுவார்கள். பக்கத்துப் புல எண்களின் (சர்வே நம்பர்) வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். ஓடையோ வாய்க்காலோ அதில் கோடாக இருந்தால், இன்று தரையில் இல்லாவிட்டாலும் தண்ணீர் அந்த வழியைத் தேடித்தான் வரும்.

அக்கா தங்கச்சி கையெழுத்து

விற்கிறவர் இந்துக் குடும்பமாக இருந்து, அவர் அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் பெண்மக்களுக்கும் சம பங்கு உண்டு. "கல்யாணத்துக்கு நகை போட்டு அனுப்பியாச்சே" என்ற பேச்சு சட்டத்தில் நிற்காது. வாரிசுகளில் மைனர் பிள்ளை இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

நாளை முதலில் குறித்தது

இன்றைக்கும் நினைத்தால் மனசு ஆறாத தவறு இதுதான்.

வைகாசியில் கிரயம் முடிந்தது. அப்போது முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகச் சேர்த்து 11 சதவீதம் (இப்போது 9). வேலைக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தில் பாதி அதிலேயே போயிற்று. ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் வங்கித் தவணை. ஆவணியை விட்டால் புரட்டாசி ஆகாது, ஐப்பசியில் மழை என்று பெரியவர்கள் சொன்னார்கள். உடனே நாளைக் குறித்துவிட்டோம். அதன்பிறகு வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதைக் கொத்தனார் முடிவு செய்யவில்லை, காலண்டர்தான் முடிவு செய்தது.

கீழ் அறைச் சுவரை உரித்துப் புதுப் பூச்சு பூசியது ஆடிக் கடைசியில். நம் ஊர் ஆடிக் காற்று தெரியுமே, மேற்கே இருந்து நாள் முழுக்க அடிக்கும். பூச்சு இரண்டே நாளில் வெளுத்துவிட்டது. சீக்கிரம் காய்ந்ததே என்று சந்தோஷப்பட்டோம். காய்ந்தது மேல்தோல்தான், உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. பூச்சு இறுக, அந்தக் காற்றில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவையாவது தண்ணீர் அடித்து, குறைந்தது ஏழு நாள் நனைத்திருக்க வேண்டும். அப்புறம் மூன்று நான்கு வாரம் ஆற விட்டுத்தான் பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கும் பூச்சு) பார்க்க வேண்டும். நாங்கள் பத்தாவது நாளில் பெயிண்டே அடித்துவிட்டோம். மாடி பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டியதும் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்கவும் இல்லை. அதற்கு நாள் இல்லை என்றார்கள்.

ஐப்பசியில் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பி உப்பு பூத்தது. மாடி பாத்ரூம் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது சின்னவள் தொட்டிலுக்கு நேர் மேலே. குடியிருக்கிற வீட்டில் டைல்ஸை உடைக்க ஆரம்பித்தோம். கொத்தனார் அடுத்த வேலையைப் பிடித்துவிட்டார். ஒரு நாள் வருவார், இரண்டு நாள் வர மாட்டார். கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தும் சிமெண்ட் தூசி உள்ளே வந்தது. சின்னவளுக்கு இளைப்பு கண்டு இரவில் நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. கடைசியில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டில் இருபத்து மூன்று நாள் இருந்தேன். மூத்தவனுக்குப் பள்ளிக்கூடமும் போயிற்று. முதலில் 40 ஆயிரத்தில் முடிந்த வேலை, இரண்டாவது தடவை ஒரு லட்சத்து 20 ஆயிரம். இவ்வளவும் எதற்கு? இரண்டு மாத வாடகை 16 ஆயிரத்தை மிச்சம் பிடிக்க.

அதனால் வரிசையை மாற்றாதீர்கள். பாத்ரூமில் தண்ணீர் வெளியே போகும் ஓட்டையை அடைத்து, இரண்டு விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டு, கீழ் அறைக் கூரையைத் தடவிப் பாருங்கள். பூச்சு, ஆற விடுவது, பட்டி, பெயிண்ட், அப்புறம்தான் ஜோசியர்.

நாளைத் தள்ளவே முடியாது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பால் காய்ச்சுவது வேறு, குடியேறுவது வேறு. குறித்த நாளில் விளக்கேற்றிப் பால் காய்ச்சி, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, ராத்திரி வாடகை வீட்டுக்கே திரும்பி வந்துவிடுங்கள். எந்தப் பெரியவரும் இதற்குக் குறை சொல்லி நான் பார்த்ததில்லை. சித்தி மகளிடம் இதைத்தான் மன்றாடினேன். வாடகை வீட்டைத் தை வரை விடாமல் வைத்திருக்கச் சம்மதித்திருக்கிறாள்.

பள்ளிக்கூடத் தூரத்தை மேப்பில் அளப்பது

காலை எட்டரைக்கு ஒரு தடவை வண்டியில் போய்ப் பாருங்கள். குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருந்தால் இரண்டு கிலோமீட்டரும் தூரம்தான்.

தரைத்தொட்டி மூடி

சாமான் இறக்கும் முன் பூட்டுப் போடுங்கள்.

குறுக்குக் கம்பி

ஜன்னலிலும் தட்டட்டி (மொட்டை மாடி) கைப்பிடியிலும் படுக்கைவாட்டில் கம்பி வைத்தால் பிள்ளைகளுக்கு அது ஏணி. நெடுக்குக் கம்பியாக, கைப்பிடிச் சுவர் பெரியவர்களின் நெஞ்சு உயரத்துக்கு.

எல்லாமே புதிதாக வாங்குவது

புது வீட்டுக்குப் பழசு எதற்கு என்று பாய், தலையணை, திரைச்சீலை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம். மூத்தவன் முதல் வாரம் முழுக்க நடுராத்திரி எழுந்து "வீட்டுக்குப் போவோம்மா" என்று அழுதான். அம்பாசமுத்திரத்திலிருந்து திரும்பும்போது அம்மா ஒரு பழைய கோரைப்பாயைக் கொடுத்தனுப்பினாள். ஆச்சி வீட்டில் அதில்தான் படுத்திருந்தான். பட்டாசலில் (கூடத்தில்) அதை விரித்து நாலு பேரும் ஒன்றாகப் படுத்தோம். அன்றைக்குத்தான் விடிய விடியத் தூங்கினான்.