மூணாறு–மறையூர் மலைப்பகுதியில் மழையளவைக் கணிப்பது எப்படி?

மூணாற்றில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் நாளிலும், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி மழைமறைவில் இருக்கும் மறையூரில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருக்கும். எஸ்டேட் மழைமானி தான் நிற்கும் இடத்து மழையைத்தான் சொல்லும். செயற்கைக்கோள் பரப்பு முழுவதையும் பார்க்கிறது. ஆனால் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டே அகச்சிவப்புப் படம் மழையை ஊகிப்பதால், மலைச்சரிவில் ஏறும் காற்று உருவாக்கும் தாழ்ந்த மேகங்கள் பொழியும் பெருமழையை அது பெரும்பாலும் குறைத்தே காட்டுகிறது. ஆகவே மழையின் பரவலைச் செயற்கைக்கோளிடமிருந்தும் அளவை மழைமானியிடமிருந்தும் பெற வேண்டும்.

முதலில் மழைமானிப் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும். அளவெடுக்காத நாளைப் பூஜ்யம் என்று எழுதியிருந்தால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். அத்தகைய நாளை வெற்றிடமாக விடுங்கள். அளவுக்குவளை அந்த மழைமானியின் வாய்ப்பரப்புக்கு உரியதுதானா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது நேரம். பலரும் சறுக்குவது இங்கேதான். நம் நாட்டில் மழைநாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. நாசாவின் ஐமெர்க் (IMERG) என்னும் செயற்கைக்கோள் மழைத்தரவின் நாள்தொகுப்போ உலகப் பொதுநேரப்படி அமைவதால், நமக்கு அது காலை 5.30-க்கே தொடங்குகிறது. எனவே அரைமணித் தரவை எடுத்து, பொதுநேரம் 03.00 முதல் மறுநாள் 03.00 வரை கூட்டுங்கள். அதன் மதிப்பு மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று தரப்படுவதால், ஒவ்வொன்றையும் பாதியாக்கிய பிறகே கூட்ட வேண்டும்.

இனி, ஒவ்வொரு மழைமானியிலும் அதன் அளவிலிருந்து செயற்கைக்கோள் அளவைக் கழியுங்கள். ஓரிடத்தில் மழைமானி 65, செயற்கைக்கோள் 40 எனில் வேறுபாடு +25. இன்னோரிடத்தில் 22, 30 எனில் −8. நமக்கு வேண்டிய தோட்டம் முதலாவதிலிருந்து 10 கிலோமீட்டரிலும் இரண்டாவதிலிருந்து 20 கிலோமீட்டரிலும் இருந்தால், தொலைவின் வர்க்கத்துக்குத் தலைகீழாக எடை தரும்போது விகிதம் 4:1 ஆகும். (4×25 − 8) ÷ 5 = 18.4. அங்கே செயற்கைக்கோள் 35 காட்டினால் திருத்திய அளவு 53.4 மில்லிமீட்டர். விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமாகக் கொள்ளுங்கள். விகிதத்தால் பெருக்கும் முறையும் உண்டு. செயற்கைக்கோள் மழையே காட்டாத இடத்தில் அது கைகொடுக்காது என்பதால் வேறுபாட்டு முறையையே நான் பரிந்துரைக்கிறேன்.

ஆனால் வெறும் தொலைவை நம்பி, மூணாற்று மழைமானியின் திருத்தத்தை முகடு தாண்டி மறையூருக்குக் கொண்டுபோகக் கூடாது. காற்றெதிர்ச் சரிவு, மழைமறைவுச் சரிவு என மழைமானிகளை இரு குழுக்களாகப் பிரித்து, அந்தந்தக் குழுவுக்குள் மட்டுமே எடை கொடுங்கள். மறையூர்ப் பக்கம் ஒரே மழைமானிதான் இருக்கிறது என்றாலும், மூணாற்றின் பத்து மழைமானிகளைவிட அதுவே மேல். வடகிழக்குப் பருவத்தில் காற்றின் திசை மாறிவிடுவதால், ஐப்பசியில் இந்தப் பிரிவினையைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

சோதிப்பதற்கு, ஒரு மழைமானியை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைக் கொண்டு அதன் அளவைக் கணித்து, உண்மை அளவோடு ஒப்பிடுங்கள். இதை ஒவ்வொன்றுக்கும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஐமெர்க்கின் இறுதிப் பதிப்பில் தரைநிலைய அளவுகள் ஏற்கெனவே கலந்திருப்பதால், இந்தச் சோதனைக்கு அதே நாளுக்கு அதற்கு முன்னதாகவே வெளியிடப்படும் பதிப்பே ஏற்றது. ஒருநாள் கணிப்பில் பிழை பெரிதாகத் தெரிந்தால், பத்து நாள் கூட்டுத்தொகைக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாசனத் திட்டத்துக்கு அதுவே போதும்.