கர்ப்பிணித் தோழிக்கு மனச்சோர்வு: துணை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில், செங்காங் வட்டாரத்து வீவக அடுக்குமாடி வீடொன்றில் என் தோழிக்கு வளைகாப்பு நடந்தது. முழங்கை வரை கண்ணாடி வளையல்கள் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் பூசி உட்கார்ந்திருந்தவள், படமெடுத்தவர் கேட்டபோதெல்லாம் சிரித்தாள். மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்றும், குழந்தை அசையும்போது மனத்தில் ஒன்றுமே தோன்றவில்லை என்றும் அன்றிரவு எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள். நான் அவசரமாகத் தேடி ஆறேழு தொலைபேசி எண்களை ஒரே செய்தியாக அனுப்பினேன். அவற்றில் ஒன்றைக்கூட அவள் அழைக்கவில்லை.

துணை தேடித் தர நினைப்பவர்கள் செய்யும் முதன்மையான தவறு இதுதான் என்று இன்று எண்ணுகிறேன். மனச்சோர்வு ஒருவரிடமிருந்து முதலில் பறிப்பது, தொடங்கும் வலிமையை. எந்த எண்ணை அழைப்பது, என்ன சொல்வது, எவ்வளவு செலவாகும் என்று முடிவெடுக்கும் வேலை முழுவதையும் அவளிடமே விட்டுவிட்டால், அந்தப் பட்டியல் அவளுக்கு மற்றொரு சுமையாகிவிடும். ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அவள் சம்மதத்துடன் பக்கத்தில் அமர்ந்து அழைத்து, நாளும் நேரமும் குறித்து, அன்று அவளைக் கூட்டிக்கொண்டு போவதே பயனுள்ள துணை. மூத்த குழந்தை இருந்தால் அந்த இரண்டு மணி நேரம் அதை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் நாமே ஏற்பாடு செய்ய வேண்டும்.

மனநல உதவி எங்கோ தனியாக இருக்கிறது என்று எண்ணி, அவள் மாதந்தோறும் சென்றுவரும் மகப்பேற்று மருத்துவரை மறந்துவிடுவது அடுத்த தவறு. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் கர்ப்பிணிகளுக்கும் புதிய தாய்மார்களுக்குமான மனநலச் சேவைகள் இருக்கின்றன. வழக்கமான பரிசோதனையின்போது தாதியிடமோ மருத்துவரிடமோ இரண்டு வாக்கியம் சொன்னாலே அந்த வழி திறக்கும். பரிசோதனை அறையில் அந்த வாக்கியங்கள் வாய்க்கு வராமல் போவது இயல்பு என்பதால், முந்தைய நாளே அவற்றைக் கைப்பேசியில் எழுதிவைத்து அப்படியே காட்டச் சொல்லலாம். மனச்சோர்வு இருக்கக்கூடுமா என்று பார்க்க உதவும், பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாத்தாளை நிரப்பச் சொல்லக்கூடும். கடந்த ஏழு நாள்களில் அவள் எப்படி உணர்ந்தாள் என்பதைக் கேட்கும் அந்தத் தாளை நாமே இணையத்தில் எடுத்து மதிப்பெண் போட்டுத் தீர்ப்புச் சொல்வது தவறு, ஏனெனில் அது மருத்துவர் மேலும் விசாரிப்பதற்கான முதற்படி மட்டுமே. தைராய்டுக் கோளாறும் இரத்தச்சோகையும்கூட இதே சோர்வைத் தரலாம். அதைப் பிரித்தறிய மருத்துவர் வேண்டும்.

செலவைப் பற்றி முன்கூட்டியே விசாரிக்காமல் விடுவதும் பலரைப் பாதி வழியில் திருப்பி அனுப்பிவிடுகிறது. சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்துடன் சென்றால் மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து திருமணமாகி வந்து நீண்டகால வருகை அனுமதியில் இருக்கும் பெண்ணுக்குக் கட்டணம் வேறாக இருக்கும். கேட்டுத் தெரிந்துகொண்டு செல்வது நல்லது. அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்பதற்காகக் கணவரையோ மாமியாரையோ மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்துவிடாதீர்கள். வீட்டில் நடப்பதுதான் துயரத்தின் காரணம் என்றால், அவர்கள் முன்னிலையில் அவரால் அதைச் சொல்ல இயலாது. தமிழ் பேசும் ஊழியர் வேண்டும் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். இந்தியச் சமூகத்துக்கான உதவி அமைப்பான சிண்டாவிடமும் அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்திடமும் கேட்டுப் பார்க்கலாம். அடி, மிரட்டல் இருப்பதாகத் தெரிந்தால் வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800 777 0000 இருக்கிறது, அது 24 மணி நேரமும் இயங்குகிறது.

“வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அழலாமா?” என்ற கேள்வியைத் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். அன்போடு கேட்டாலும், தன் கண்ணீரே குழந்தைக்குக் கேடு செய்கிறது என்ற குற்றவுணர்வை அது ஏற்படுத்தும். அதன் பிறகு அவள் நம்மிடமிருந்தும் மறைக்கத் தொடங்குவாள். மருந்து விஷயத்திலும் இந்த அச்சமே வேலை செய்கிறது. கர்ப்பம் உறுதியானதும் மனச்சோர்வு மாத்திரையைத் தானாக நிறுத்தச் சொல்லும் உறவினர்கள் நிறையப் பேர். செர்ட்ரலின் போன்ற சில மருந்துகளை மருத்துவர்கள் கர்ப்பகாலத்திலும் கொடுக்கிறார்கள், இருதுருவ மனநோய்க்குத் தரப்படும் வேல்புரோயேட் போன்ற சிலவற்றைத் தவிர்க்கிறார்கள். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும் என்பதால், தொடர்வதா மாற்றுவதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கத் தயங்குவது மிக ஆபத்தான தவறு. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. யாராவது கேட்டார்களே என்ற ஆறுதலே கிடைக்கும். ஆமென்று சொன்னால் அவளைத் தனியே விடாமல் அவசர மருத்துவ வாகனத்துக்கான 995ஐ அழைக்கவோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லவோ வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நாம் முன்பு கொடுத்த வாக்கு இங்கே பொருந்தாது. நள்ளிரவில் பேச ஆள் தேவைப்பட்டால் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 1767, மனநலக் கழகத்தின் 6389 2222, தேசிய மனநல உதவி எண் 1771 ஆகிய மூன்றும் நாள் முழுவதும் இயங்குகின்றன. போலிஸ் வழக்காகிவிடும் என்று இன்னமும் அஞ்சும் குடும்பங்கள் உண்டு. தற்கொலை முயற்சி இங்கே 2020 முதல் குற்றமாகக் கருதப்படுவதில்லை.

குழந்தை பிறந்ததும் நம் வேலை முடிந்தது என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஊரிலிருந்து அம்மா வந்திருப்பார், பத்தியச் சாப்பாடு நடக்கும், வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். ஆனால் கர்ப்பத்தில் தொடங்கிய மனச்சோர்வு பல பெண்களுக்குப் பிரசவத்திற்குப் பிறகும் தொடர்கிறது, தூக்கமின்மை அதை இன்னும் அழுத்துகிறது. என் தோழிக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவத்திற்குப் பிந்தைய மனநலச் சந்திப்புக்கு நாள் குறித்தோம். அன்று காலை பச்சைக் குழந்தையை அவள் அம்மா மடியில் வைத்துக்கொள்ள, நாங்கள் இருவரும் டாக்சியில் புறப்பட்டோம்.