பழைய யூதப்பள்ளிக்குப் புதுப் பயன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூதர்களின் தொழுகைக்கூடத்தைக் கேரளத்தில் 'ஜூதப்பள்ளி' என்றே சொல்கிறார்கள். கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பிறகு, இப்பள்ளிகளில் சில அருங்காட்சியகமாயின. சில கிடங்காகவும் கடையாகவும் மாறின. சில பூட்டியே கிடந்தன.

தொழுகைக்கூடம் மட்டுமே கட்டடம், மற்றவை துணைக்கட்டுகள் என்று எண்ணுவதே இத்தகைய மாற்றங்களில் நேரும் பெரிய தவறு. இன்று அருங்காட்சியகமாக இருக்கும் வடக்குப் பரவூர் பள்ளியில் தெருவிலிருந்து நேரே கூடத்துக்குள் நுழைந்துவிட முடியாது. வாயில்கட்டைக் கடந்து, இருபுறமும் தூண்கள் நிற்கும் கூரையிட்ட நீண்ட நடைவழியில் நடந்த பிறகே கூடம் வரும். யூதர்களின் திருமறையான தோராவை வாசிக்கும் மேடையான 'தேபா' கேரளப் பள்ளிகளில் நடுக்கூடத்தில் ஒன்றும், மாடியில் பெண்கள் பகுதிக்கு முன்னால் மற்றொன்றுமாக இரண்டு இருப்பது இங்கு மட்டுமே காணப்படும் வழக்கம். அலுவலகத்துக்கு இடம் வேண்டுமென்று மாடியை ஒதுக்கி, அங்குள்ள மரச்சல்லடைத் தட்டியையும் கழற்றிவிட்டால், பெண்கள் எங்கே அமர்ந்து வாசிப்பைக் கேட்டார்கள் என்பதற்கான சான்றே போய்விடும்.

விளக்கப் பலகைகளில் செய்யும் சிக்கனம் அடுத்த தவறு. பரவூர்க் கூடத்தில் இன்று காணும், தோராச் சுருள்களை வைக்கும் பேழை புதிதாகச் செய்த நகல். மூலப் பேழை எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இதைப் பேழையின் அருகிலேயே எழுதி வைக்காவிட்டால், பார்ப்பவர் புது மரத்தைப் பழையதென்று வியந்துவிட்டுப் போவார். அங்குள்ள கல்வெட்டு, 1616-இல் பள்ளியைக் கட்டியவர் தாவீது யாக்கோபு காஸ்டியேல் முதலியார் என்கிறது. முதலியார் என்பது கொச்சி அரசர் யூதத் தலைவருக்கு அளித்த பட்டம் என்ற விளக்கம் இல்லையென்றால், தமிழ்நாட்டிலிருந்து செல்பவர் அதைச் சாதிப் பெயராகவே எடுத்துக்கொள்வார்.

பழுதுபார்ப்பில் சிமெண்ட் வேண்டவே வேண்டாம். செம்பாறைக்கல் சுவர் உறிஞ்சும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவைத்துக் கல்லை அரிக்கவிடும்.

தகுந்த பயன் கிடைக்கட்டும் என்று காத்திருந்து கட்டடத்தைப் பூட்டி வைப்பதும் தவறுதான். எறணாகுளம் கடவும்பாகம் பள்ளியின் முன்கட்டில் பல ஆண்டுகளாகச் செடிகளும் வண்ணமீன்களும் விற்றார்கள். மீன்தொட்டிகளைத் தாண்டித்தான் தொழுகைக்கூடத்துக்குப் போக வேண்டும். பொருத்தமற்ற காட்சி என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் கடைக்கு நாள்தோறும் ஆள் வந்ததால்தான் ஓடு பெயர்ந்தாலும் சுவர் கசிந்தாலும் உடனே கண்ணில் பட்டது என்பது என் கருத்து. அதே பெயருடைய மட்டாஞ்சேரிப் பள்ளியின் உள்ளமைப்பு இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. கவனிப்பாரின்றி நின்ற கட்டடத்தின் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது.

கடைசியாக, கையளிப்புப் பத்திரத்தைப் படிக்காமல் வரைபடம் போடக் கூடாது. திருச்சூர் மாவட்டத்து மாளாவில் யூதர்கள் ஊரைவிட்டுப் புறப்படும்முன் பள்ளியையும் கல்லறைத் தோட்டத்தையும் 1955-இல் ஊராட்சியிடம் ஒப்படைத்தபோது, பள்ளியை வேறு வழிபாட்டிடமாகவோ இறைச்சிக்கூடமாகவோ ஆக்கக் கூடாது, கல்லறைகளைத் தோண்டக் கூடாது என்று நிபந்தனை விதித்தார்கள். பிற்காலத்தில் அத்தோட்ட நிலத்தில் விளையாட்டரங்கப் பணி தொடங்கியபோது எதிர்த்தவர்கள் கையில் எடுத்தது அந்தப் பத்திரத்தைத்தான்.