திரையை வரையும் முன் ஆறு வரிக் கதை

புதிய ஆப்பையோ இணையதளத்தையோ வடிவமைக்கும்போது, முதல் திரையை வரையும் முன் அதைப் பயன்படுத்தப்போகிறவரின் கதையை ஐந்தாறு வாக்கியங்களில் எழுதிவிடுங்கள். 'பயனர் உள்நுழைகிறார்' என்பது கதை இல்லை. 'இரவு 11 மணிக்கு, ஒரு கையில் குழந்தையோடு, காலையில் டாக்டரைப் பார்க்க நேரம் கிடைக்குமா என்று தேடுகிறார்' என்று எழுதுங்கள். கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் பொத்தான் வேண்டும், எழுத்து அடிக்கும் வேலை குறைய வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு திரையையும் ஏதாவது ஒரு வாக்கியத்தோடு பொருத்திப் பாருங்கள். எதோடும் ஒட்டாத திரை பெரும்பாலும் தேவையற்றது.

வாக்கியத்தை அடித்துவிட்டு மாற்றி எழுத ஒரு நிமிடம் போதும். வரைந்த திரையை மாற்ற அரை நாள் போகும். நிரல் எழுதிய பிறகு என்றால் கேட்கவே வேண்டாம். 1930களில் டிஸ்னி ஸ்டூடியோ ஸ்டோரிபோர்டை (கதையின் காட்சிகளை வரைந்து பலகையில் வரிசையாகக் குத்திவைப்பதை) வழக்கமாக்கியதன் பலனும் இதுதான்: அனிமேஷன் செய்து முடித்த காட்சியைத் தூக்கி எறிவதைவிட, பலகையில் குத்திய படத்தை எடுத்துவிடுவது மலிவு.

அமைப்புகள் (settings) பக்கம், அறிக்கைகள் நிறைந்த டாஷ்போர்டு போன்றவற்றுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே ஆட்கள் வரிசையாகப் போவதில்லை, வேண்டிய இடத்துக்கு நேராகத் தாவுவார்கள். பயன்படுத்துகிறவர்களிடம் ஒரு தடவைகூடப் பேசாமல் எழுதும் கதையும் வேண்டாம். அதில் வருவது அவர்கள் இல்லை, நீங்கள்தான்.